பிரிட்டனின் அரசமைப்பு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்): பிரிட்டனுக்கு எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் கிடையாது என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்நாட்டு நீதிமன்றங்கள் அரசமைப்புக் கோட்பாடுகளைச் சுட்டிக்காட்டி அரசின் முடிவுகளை ரத்து செய்வதாகச் செய்திகளில் படிக்கிறேன். இல்லாத ஒன்றைச் சுட்டிக்காட்டித் தீர்ப்பளிப்பது எப்படிச் சாத்தியம்?

பதில்: பிரிட்டனுக்கு அரசமைப்பு உண்டு, அதன் பெரும்பகுதி எழுத்திலும் உண்டு. ஒரே ஆவணமாகத் தொகுக்கப்படவில்லை என்பதே வேறுபாடு. அப்படி ஓர் ஆவணம் ஒருமுறை உருவாகவும் செய்தது. மன்னராட்சி இல்லாதிருந்த இடைக்காலத்தில், படைத்தலைவர் குரோம்வெல் ஆட்சிக்கு வந்த 1653-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஆட்சிச் சாசனம் நான்கே ஆண்டுகளில் மாற்றப்பட்டது. 1660-இல் முடியாட்சி மீண்டபோது அந்த முயற்சியின் சுவடே இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அந்நாட்டில் புரட்சியோ விடுதலையோ புதிய குடியரசோ வந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதியாக வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கவில்லை.

எனவே அங்கே அரசமைப்பைத் தேடுபவர் பல இடங்களில் தேட வேண்டும். முதலாவது, நாடாளுமன்றச் சட்டங்கள். மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த 1215-ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டா சாசனத்தின் சில பிரிவுகள், 1297-இல் சட்டமாக ஏற்கப்பட்ட வடிவில் இன்றும் நடைமுறையில் உள்ளன. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி மன்னர் வரி விதிக்கவோ சட்டங்களை நிறுத்திவைக்கவோ கூடாது என்ற 1689-ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம், அரியணை வாரிசுரிமையை வரையறுத்த 1701-ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் இணைத்த 1707-ஆம் ஆண்டுச் சட்டங்கள், மேலவையான பிரபுக்கள் அவையின் கையைக் கட்டிய 1911, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள், 1998-இல் வந்த மனித உரிமைகள் சட்டமும் ஸ்காட்லாந்துச் சட்டமும் என அந்த வரிசை நீளும். இரண்டாவது, நூற்றாண்டுகளாக நீதிபதிகள் வழக்குக்கு வழக்கு உருவாக்கிய தீர்ப்புவழிச் சட்டம். மூன்றாவது, எந்த நீதிமன்றமும் வலியுறுத்தாத, ஆனால் ஆள்வோர் தம்மைக் கட்டுப்படுத்துவதாக ஏற்றுக்கொண்ட மரபுகள்.

இவற்றில் எதுவும் மற்றச் சட்டங்களுக்கு மேலான சட்டம் என்ற தகுதியைப் பெறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. கால்நடைகளைப் பற்றிய சட்டத்தைத் திருத்தும் அதே சாதாரணப் பெரும்பான்மையால் அரியணை வாரிசுரிமையையும் திருத்திவிடலாம். இந்தச் சமநிலையில் நீதிபதிகள் ஒரு சிறு மேடு போட்டிருக்கிறார்கள். மெட்ரிக் அளவு கட்டாயமாகியும் பழங்களைப் பவுண்டு எடையில் விற்ற கடைக்காரர்கள் மீதான வழக்கில் 2002-இல் வந்த தீர்ப்பு, சில சட்டங்கள் 'அரசமைப்புச் சட்டங்கள்' என்றும், நாடாளுமன்றம் வெளிப்படையாகச் சொன்னால் அன்றிப் பிந்தைய சட்டம் ஒன்றின் உட்கிடையால் அவை ரத்தாகிவிடா என்றும் கூறியது. தராசுப் படிக்கல்லைப் பற்றிய சச்சரவு இவ்வளவு பெரிய கோட்பாட்டில் போய் முடிந்தது.

கேள்வி (சட்டம் பயிலும் மாணவி ஒருவர்): நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், எதையும் நீக்கலாம், அதைத் தள்ளிவைக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்று சட்ட அறிஞர் டைசி 1885-இல் எழுதியதை மனப்பாடம் செய்திருக்கிறோம். உண்மையிலேயே எந்தச் சட்டத்தையுமா?

பதில்: சட்ட நோக்கில், ஆம். நாடாளுமன்ற இறையாண்மை என்ற இந்தக் கோட்பாடு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு 1716-ஆம் ஆண்டு நல்ல சான்று. மூன்றாண்டுக் காலத்துக்கென்று மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம், முந்தைய ஆண்டுக் கிளர்ச்சியால் ஏற்பட்ட அச்சத்தைக் காரணம் காட்டி, தன் ஆயுளைத் தானே ஏழு ஆண்டுகளாக நீட்டிக்கொண்டது. அடுத்த தேர்தல் 1722-இல்தான் நடந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று எந்த நீதிமன்றமும் அறிவிக்கவில்லை. அறிவிக்கும் அதிகாரம் எதற்கும் இல்லை.

நீதிமன்றத் தீர்ப்பையே பின்னோக்கிச் சென்று அழித்த நிகழ்வும் உண்டு. 1942-இல் ஜப்பானியப் படைகளின் கையில் சிக்கிவிடக் கூடாது என்று ரங்கூனில் இருந்த எண்ணெய் நிலையங்களைப் பிரிட்டிஷ் படையினரே தகர்த்தனர். அதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று பர்மா ஆயில் நிறுவனம் தொடுத்த வழக்கில், அக்காலத்தில் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள் 1964-இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் போர்ச்சேதச் சட்டத்தை இயற்றி, அத்தகைய இழப்பீட்டு உரிமை முன்பும் இருந்ததில்லை என்று ஆக்கிவிட்டது. வென்ற வழக்கு ஒரே சட்டத்தால் தோற்ற வழக்காயிற்று.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். அடைக்கலம் கோருவோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம், அந்நாடு அவர்களுக்குப் பாதுகாப்பான இடமல்ல என்ற காரணத்தால் சட்டவிரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒருமனதாகக் கூறியது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, முடிவெடுக்கும் அதிகாரிகளும் நீதிமன்றங்களும் ருவாண்டாவைப் பாதுகாப்பான நாடாகவே கருத வேண்டும் என்றது. சான்றுகளை ஆராய்ந்து கண்டறிந்த ஓர் உண்மை நிலையைச் சட்டத்தால் மாற்றி எழுதியதை, இறையாண்மைக் கோட்பாட்டின் வலிமைக்கு எடுத்துக்காட்டு என்பதா, அதன் அவலத்துக்கு எடுத்துக்காட்டு என்பதா என்று கேட்டால், இரண்டுமே என்பேன். அந்தத் திட்டத்தை நிறுத்தியது நீதிமன்றம் அல்ல; அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் ஆட்சிக்கு வந்த புதிய அரசுதான் அதைக் கைவிட்டது.

இந்த இறையாண்மைக்கு எதிர்வாதங்களும் உள்ளன. வரம்பற்ற இறையாண்மை என்பது இங்கிலாந்துக்கே உரிய கோட்பாடு, ஸ்காட்லாந்தின் அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு இணை கிடையாது என்று 1953-இல் ஸ்காட்லாந்தின் கூப்பர் பிரபு ஒரு தீர்ப்பில் குறிப்பிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இருந்த காலத்தில், ஒன்றியச் சட்டத்துக்கு முரணான 1988-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்தின் பிரிவுகளை நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது. ஆனால் ஒன்றியச் சட்டத்துக்கு அந்த வலிமையைக் கொடுத்ததே 1972-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம்தான் என்பதால், அதை நாடாளுமன்றமே பின்னர் நீக்கிக்கொள்ளவும் முடிந்தது. வேட்டைத் தடைச் சட்டம் பற்றிய 2005-ஆம் ஆண்டு வழக்கில் நீதிபதிகள் சிலர், நீதிமன்றங்களின் கதவையே அடைக்க முனையும் சட்டம் வந்தால் அதற்குக் கீழ்ப்படிவதா என்பதை மறுபரிசீலனை செய்ய நேரிடலாம் என்று கோடிகாட்டினர். கோடிகாட்டியதோடு சரி, இன்றுவரை அந்தச் சோதனை வரவில்லை.

தேர்வுக்கு உதவும் ஒரு குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் அவை, பிரபுக்கள் அவையின் சம்மதமின்றியே சட்டம் இயற்றலாம். ஆனால் நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீட்டிக்கும் மசோதாவுக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. 1716-ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த விதிவிலக்கின் பொருள் விளங்கும்.

கேள்வி (மூத்த வாசகர் ஒருவர்): நாடாளுமன்றம் நினைத்ததைச் செய்யலாம் என்றால், 'சட்டத்தின் ஆட்சி' என்று அவர்கள் பெருமையாகச் சொல்வது வெறும் அலங்காரச் சொல்தானே?

பதில்: இல்லை. அந்தக் கோட்பாடு நாடாளுமன்றத்தைவிட ஆட்சியாளர்களை நோக்கியே வளர்ந்தது. ஆட்சியில் இருப்பவர் ஒரு செயலைச் செய்ய வேண்டுமென்றால், அதற்கு அனுமதி தரும் சட்டத்தை அவர் காட்டியாக வேண்டும் என்பதுதான் அதன் மையம். முதலாம் ஜேம்ஸ் மன்னர், லண்டனில் புதிய கட்டடங்கள் கட்டுவதையும் கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை தயாரிப்பதையும் வெறும் அரச அறிக்கையால் குற்றமாக்க விரும்பினார். தலைமை நீதிபதி கோக் முதலானோர் 1610-இல், நாட்டின் சட்டம் அளிக்கும் அதிகாரம் அன்றி மன்னருக்கு வேறு தனியதிகாரம் இல்லை என்று கூறிவிட்டனர்.

அதைவிடத் துல்லியமான காட்சி 1762 நவம்பரில் நடந்தது. அரசைச் சாடி எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள், அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவின் ஆணையுடன் மன்னரின் தூதர்கள் நால்வர் நுழைந்தனர். நான்கு மணிநேரம் பூட்டுகளை உடைத்து, பெட்டிகளைத் திறந்து, தாள்களை அள்ளிச் சென்றனர். என்டிக் அவர்கள்மீது அத்துமீறல் வழக்குத் தொடுத்தார். அமைச்சரின் ஆணை இருக்கிறது, இத்தகைய ஆணைகள் நெடுங்காலமாகவே பிறப்பிக்கப்பட்டு வருகின்றன, அரசின் நலன் கருதி இது தேவைப்பட்டது என்றெல்லாம் அரசுத் தரப்பு வாதாடியது. நீதிபதி கேம்டன் பிரபு 1765-இல் அளித்த தீர்ப்பில் கேட்டது ஒன்றுதான்: இந்த அதிகாரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? சட்டப் புத்தகங்களில் அது காணப்படவில்லையென்றால் அது சட்டமே அல்ல. அமைச்சரின் ஆணையும் நெடுநாள் வழக்கமும் அரசுத் தேவையும் அந்த இடத்தை நிரப்பிவிடா. தூதர்கள் 300 பவுண்டு இழப்பீடு கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைய சொற்களில் சொன்னால், வாரண்டுக்குச் சட்ட அடிப்படை இல்லையென்றால் அதை ஏந்திவருபவரும் அத்துமீறி நுழைந்தவரே.

நம் காலத்திலும் இது உயிரோடு இருக்கிறது. வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்தில் முறையிட 1,200 பவுண்டு வரை கட்டணம் என்று 2013-இல் அரசு விதித்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2017-இல் ரத்து செய்தபோது, நீதிமன்றத்தை அணுகும் உரிமைக்கு மேக்னா கார்ட்டாவரை பின்னோக்கிச் சென்று ஆதாரம் காட்டியது. அந்தக் கட்டணம் அமைச்சர் பிறப்பித்த ஆணை என்பதால்தான் அதை ரத்து செய்ய முடிந்தது என்பதையும் கவனியுங்கள்.

நாடாளுமன்றச் சட்டமே உரிமைகளுக்கு முரணாக இருந்தால், 1998-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டத்தின்படி நீதிமன்றம் 'இணக்கமின்மை அறிவிப்பு' ஒன்றை வெளியிடலாம்; சட்டம் அப்போதும் செல்லுபடியாகும். பயங்கரவாதச் சந்தேகத்தின் பேரில் வெளிநாட்டவரை விசாரணையின்றி வரையறையின்றி அடைத்துவைத்த சட்டம் பற்றி 2004 டிசம்பரில் அத்தகைய அறிவிப்பு வந்தது. சிறைக் கதவுகள் அன்றைக்கே திறக்கவில்லை. ஆனாலும் 2005-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைக் கைவிட்டு வேறு ஏற்பாட்டுக்கு மாறியது. நீதிமன்றம் உரக்கச் சொல்கிறது, நாடாளுமன்றம் முடிவெடுக்கிறது என்ற இந்த ஏற்பாடு எங்கும் வேலை செய்துவிடாது; வெட்கப்படத் தெரிந்த நாடாளுமன்றம் அதற்கு வேண்டும்.

கேள்வி (அரசு ஊழியர் ஒருவர்): மரபு, மரபு என்கிறார்களே, அதை மீறினால் என்ன ஆகும்?

பதில்: நீதிமன்றத்தில் ஒன்றும் ஆகாது. அரசியலில் என்னென்னவோ ஆகும்.

பிரதமர் என்ற பதவியே நெடுங்காலம் மரபில்தான் வாழ்ந்தது. அந்தப் பதவியின் பெயர் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றில் முதன்முதலாக இடம்பெற்றது 1917-இல். அதுவும் அவருடைய அதிகாரங்களை வரையறுக்க அல்ல, செக்கர்ஸ் என்ற மாளிகையை அவர் ஓய்வுக்குப் பயன்படுத்த வகைசெய்த சட்டத்தில். மசோதாவுக்கு அரச ஒப்புதலை மறுக்கும் அதிகாரம் சட்டப்படி இன்றும் மன்னருக்கு உண்டு. கடைசியாக அப்படி மறுத்தவர் ஆன் அரசி, 1708-இல், ஸ்காட்லாந்துப் படை பற்றிய மசோதாவுக்கு, அதுவும் அமைச்சர்களின் அறிவுரைப்படி. 1979 மார்ச் 28 அன்று காமன்ஸ் அவை 310-க்கு எதிராக 311 வாக்குகளால் பிரதமர் காலகனின் அரசின்மீது நம்பிக்கையில்லை என்று தீர்மானித்தபோது, அவர் தேர்தலுக்குப் போயே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் போகாமல் இருக்கலாமா என்ற யோசனையே எழவில்லை.

மரபு உடைந்த கதைதான் அதிகம் கற்பிக்கிறது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் வரவுசெலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் அவை நிராகரிக்காது என்பது நிலைபெற்ற மரபு. நிதியமைச்சர் லாய்ட் ஜார்ஜ் நிலத்தின்மீதும் செல்வர்மீதும் வரி விதித்த 1909-ஆம் ஆண்டுத் திட்டத்தை அது நிராகரித்தது. எந்த நீதிமன்றமும் தலையிடவில்லை. 1910-இல் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. புதிய பிரபுக்களைக் கூட்டங்கூட்டமாக நியமித்து எதிர்ப்பை மூழ்கடிக்க மன்னர் சம்மதித்திருக்கிறார் என்ற மிரட்டலின் நிழலில் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் நிதி மசோதாவை ஒரு மாதம்தான் அவர்களால் தாமதிக்க முடியும். மரபாக இருந்தவரை மதிப்போடு வைத்திருந்த அதிகாரத்தை, மரபை மீறியதால் அவர்கள் சட்டப்படியே இழந்தார்கள்.

ஸ்காட்லாந்துக்கு ஒப்படைக்கப்பட்ட துறைகளில், அங்குள்ள நாடாளுமன்றத்தின் இசைவின்றி லண்டன் நாடாளுமன்றம் சாதாரணமாகச் சட்டம் இயற்றாது என்ற சூவல் மரபு, 2016-இல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. எழுதிவிட்டதால் அது நீதிமன்றத்தில் நிலைநாட்டத்தக்கதாகிவிட்டதா? இல்லை என்றது உச்ச நீதிமன்றம், 2017-இல். நீதிபதிகள் அரசியல் மரபுகளுக்குப் பெற்றோரும் அல்லர், காவலரும் அல்லர், பார்வையாளர்கள் மட்டுமே.

கேள்வி (இன்னொரு மாணவர்): அப்படியானால் 2019-இல் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்ததில் மட்டும் நீதிமன்றம் ஏன் தலையிட்டது?

பதில்: நல்ல பிடி. அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் பிரதமர் போரிஸ் ஜான்சன் அளித்த அறிவுரையின்பேரில் அரசி, கூட்டத்தொடரை அக்டோபர் 14 வரை ஐந்து வாரங்களுக்கு முடித்துவைத்தார். அக்டோபர் 31 அன்று நாடு ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டிய நிலையில், வழக்கமாகச் சில நாள்களே நீடிக்கும் இடைவெளி அவ்வளவு நீண்டது. அரசி அறிவுரைப்படி நடப்பார் என்ற மரபு அப்படியே காக்கப்பட்டது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பிரதமரைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே கையை அந்த மரபே கட்டிப்போட்டது.

பதினொரு நீதிபதிகளும் செப்டம்பர் 24 அன்று ஒருமனதாக முடிவுசெய்தார்கள். பிரதமரின் நோக்கம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியை அவர்கள் தொடவே இல்லை. கூட்டத்தொடரை முடித்துவைக்கும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று கேட்டார்கள். எல்லையே இல்லையென்றால், ஆட்சியாளர் நினைத்த காலமெல்லாம் நாடாளுமன்றத்தைக் கூடவிடாமல் வைத்து, அதன் இறையாண்மையை ஏட்டளவில் ஆக்கிவிடலாம். அமைச்சர்கள் அவைக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் காற்றில் போகும். ஆகவே நியாயமான காரணமின்றி நாடாளுமன்றத்தின் பணியைத் தடுக்கும் அறிவுரை சட்டத்துக்குப் புறம்பானது; அதன்படி வந்த ஆணை வெற்றுத்தாளுக்குச் சமம். மறுநாளே அவை கூடியது.

இத்தீர்ப்பு நீதிமன்றத்தை அரசியலுக்குள் இழுத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1610-இல் கோக் கேட்ட கேள்வியையே அவர்கள் மீண்டும் கேட்டார்கள்: மன்னரின் பெயரால் செலுத்தப்படும் இந்த அதிகாரம் எதுவரை?

கேள்வி (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்): அந்த நீதிபதிகளை அரசு நினைத்தால் நீக்கிவிடலாமா?

பதில்: முடியாது. 1701-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே, நன்னடத்தை உள்ளவரை மூத்த நீதிபதிகளுக்குப் பதவி உண்டு. இரு அவைகளும் சேர்ந்து வேண்டினால்தான் நீக்கலாம். வியப்புக்குரியது வேறொன்று: 2009 அக்டோபரில் தனி உச்ச நீதிமன்றம் திறக்கப்படும்வரை, நாட்டின் உச்ச நீதிபதிகள் பிரபுக்கள் அவையின் உறுப்பினர்களாகவே இருந்தார்கள். அதிகாரப் பிரிவினை அங்கே வெகு தாமதமாக வந்து சேர்ந்த விருந்தாளி.

கேள்வி (முதலில் எழுதிய ஆசிரியரே): இவ்வளவு சிக்கலுக்குப் பதிலாக எல்லாவற்றையும் ஒரே ஆவணமாக எழுதி வைத்துவிட்டால் என்ன?

பதில்: எழுதுவது எளிது. எழுதியதை யார் மாற்றலாம் என்பதுதான் கடினம். 2011-இல் தேர்தல் தேதியை நிலைப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றினார்கள். முன்கூட்டியே தேர்தல் நடத்த வேண்டுமானால் அவையின் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 434 உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. 2019-இல் அரசு மூன்று முறை முயன்று அந்த எண்ணை எட்டவில்லை. உடனே என்ன செய்தார்கள்? சாதாரணப் பெரும்பான்மை போதும் என்ற வகையில், அந்த ஒரு தேர்தலுக்கென்றே ஒரு குட்டிச் சட்டத்தைக் கொண்டுவந்து சுற்றிப் போய்விட்டார்கள். அந்த மசோதாவுக்குக் கிடைத்த ஆதரவு 438 வாக்குகள் என்பது வேடிக்கை. 2022-இல் மூலச் சட்டமே நீக்கப்பட்டு, பழைய ஏற்பாடு திரும்பியது. பூட்டை எழுதியவரிடமே சாவியும் இருக்கும்வரை, தொகுத்து எழுதுவதால் வாசகருக்கு வசதி. ஆள்பவருக்குக் கட்டுப்பாடு அல்ல. உண்மையான மாற்றம் வேண்டுமானால், நாடாளுமன்றத்துக்கு மேலே ஒரு சட்டம் இருக்கிறது என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இன்றைய எந்தப் பெரிய கட்சியும் அவசரப்படக் காரணம் இல்லை; ஆட்சிக்கு வந்ததும் கையில் கிடைக்கும் முதல் பரிசே அந்த வரம்பின்மைதான்.

கேள்வி (வாசகி ஒருவர்): பிரிட்டனைத் தவிர வேறு நாடுகள் இப்படி உண்டா?

பதில்: நியூசிலாந்தும் இஸ்ரேலும் உண்டு. இஸ்ரேல் 1950-இல் எடுத்த முடிவின்படி 'அடிப்படைச் சட்டங்கள்' என்ற பெயரில் தன் அரசமைப்பைத் தவணை தவணையாக எழுதிவருகிறது. நியூசிலாந்தின் ஏற்பாடுதான் என் மனத்தைக் கவர்வது. அங்கே மேலவையும் இல்லை. 1951 தொடக்கத்திலேயே ஒழித்துவிட்டார்கள். வாக்களிக்கும் வயது, நாடாளுமன்றத்தின் மூன்றாண்டுக் காலம், ரகசிய வாக்கெடுப்பு முறை போன்ற சில விதிகளை மட்டும், உறுப்பினர்களில் 75 விழுக்காட்டினரின் ஆதரவோ பொது வாக்கெடுப்பில் பெரும்பான்மையோ இன்றி மாற்ற முடியாது என்று தேர்தல் சட்டத்தின் 268-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அந்த 268-ஆம் பிரிவுக்கே அந்தக் காப்பு இல்லை. சாதாரணப் பெரும்பான்மையால் முதலில் அதை நீக்கிவிட்டு, பிறகு மற்றவற்றை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் தடை ஏதும் இல்லை. அந்த ஓட்டையை எல்லாக் கட்சிகளும் அறியும். அதை எவரும் பயன்படுத்துவதில்லை என்பது அங்கே ஒரு மரபு.